ஓசி எழுதிய ரிப்போர்ட்

லிப்டில் மாட்டிக்கொண்டவர்கள் எடுத்த எடுப்பில் தட்டுவதில்லை. முதலில் எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பார்ப்பார்கள். பிறகு போனில் யாரையாவது பிடித்துக் காய்ச்சுவார்கள். அதற்கும் பிறகுதான் தட்டுவது. மூன்று தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று. யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாரும் ஏன் மூன்று முறை தட்டுகிறார்கள் என்று லிப்ட் மெக்கானிக்குக்கு இருபத்திரண்டு வருஷமாகப் புரியவில்லை. புரியாவிட்டால் போகட்டும், அதற்குப் பதில் சொல்லத் தெரியும். கதவு இடுக்கில் வாயை வைத்து, "நான் இங்கதான் இருக்கேன்" என்பான். இதோ திறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டான், ஒன்றும் ஆகாது என்றும் சொல்ல மாட்டான். இரண்டுமே பொய்யாகிப் போகலாம். இந்த மூன்று வார்த்தை போதும், உள்ளே தட்டுவது நின்றுவிடும்.

அந்த மூன்று வார்த்தையையும், கூடவே தன் சொந்த அக்காவையும், அவன் ஒரு மதிய இடைவேளையில் தூக்கிக் கொடுத்துவிட்டான். கேட்டவர்கள் மிரட்டவில்லை, ஏமாற்றவும் இல்லை. மரியாதையாகக் கேட்டார்கள், அவ்வளவுதான். மரியாதையாகக் கேட்டால் இவனுக்கு வாய் நிற்காது.

நாற்பத்தைந்து வயது ஆள் போனில் விளையாடுகிறான் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். வேலையில் பாதி நேரம் காத்திருப்பதுதான். உதிரிப் பாகம் வரக் காத்திருக்க வேண்டும், சாவி வைத்திருக்கிற காவலாளி வரக் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு அவன் பிடித்துக்கொண்டது 'பாதாளம்' என்ற ஆட்டம். முப்பது பேர் ஒரு கூட்டமாகச் சேர்ந்து சுரங்கம் தோண்டி இறங்க வேண்டும், கல் எடுக்க வேண்டும், தண்ணீர் ஏறுவதற்குள் மேலே வந்துவிட வேண்டும். தண்ணீர் பிடித்துக்கொண்டால் எடுத்த கல் போச்சு. ஆள் மட்டும் மேலே வந்து தலையைத் துவட்டிக்கொண்டு நிற்பான். ஆழமாகத் தோண்டச் சிவப்புக்கல் வேண்டும். அது தோண்டும்போது எப்போதாவது ஒன்று கிடைக்கும். ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிற கடையில் காசு கொடுத்தால் உடனே கிடைக்கும்.

நாலு வருஷத்தில் அவன் அந்தக் கடைப்பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஆட்டத்தில் அவன் பெயரே 'ஓசி'. அவன் தலைமையில் இருந்த கூட்டத்தின் பெயர் 'காலிப்பை'. காசு போடாதவர்களுக்கு மட்டுமே இடம் என்று வாசலிலேயே எழுதிவைத்திருந்தான். பணத்தைக் கொட்டி ஆடுகிற கூட்டங்களுக்கு நடுவில் இவர்கள் முதல் ஐம்பதுக்குள் வந்து நின்றார்கள். அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

கூட்டத்துக்குள் பேச்சு என்றால் அதிகமும் இதுதான். "சினிமாவுக்குக் குடுக்கிறோம். மூணு மணி நேரம். இதை நாலு வருஷமா ஆடறோம், செஞ்சவனுக்கு ஏதாவது குடுத்தா என்ன தப்பு?" என்பார் பேக்கரிக்காரர். அடுப்பு பக்கத்திலிருந்தே பேசுவார், குரலிலேயே வேர்க்கும். ரசாயனம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் விட மாட்டார். "குடுங்க. யார் வேணாம்னாங்க? சட்டை வாங்குங்க, தொப்பி வாங்குங்க. ஜெயிக்கிறதையே வித்தா அது ஆட்டம் இல்லைங்க, ஏலம். அதுவும் நேரா விலை சொல்றானா? காசைக் கல்லா மாத்தறான், கல்லைப் பெட்டியா மாத்தறான், பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு சொல்ல மாட்டேங்கறான். எதுக்கு இந்தச் சுத்து? எவ்வளவு போச்சுன்னு நமக்கே தெரியக் கூடாதுன்னு." மெக்கானிக் இரண்டு பேருக்கும் தலையாட்டுவான். ஆனால் விதியை மட்டும் தளர்த்த மாட்டான். அதற்கு அவனிடம் ஒரு காரணம் இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை.

காரணம் அவன் அக்கா.

அக்கா வீட்டில் உட்கார்ந்து கடைகளுக்குத் திரைச்சீலை தைக்கிறவள். மாமா திடீரென்று தவறிப்போன வருஷம், வீட்டில் மெஷின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லாமல் போனபோது, தோட்டம் போடுகிற ஒரு ஆட்டத்தில் விழுந்தாள். செடி வாடுகிறது என்று போன் சொல்லும், இவள் காசு போட்டுத் தண்ணீர் ஊற்றுவாள். புதுத் தையல் மெஷினுக்கென்று வைத்திருந்தது முழுவதும் போன பிறகுதான் தம்பிக்குத் தெரிந்தது. அவன் கத்தவில்லை. "விளையாட்டை விடுன்னு சொல்லலைக்கா. எங்க கூட்டத்துக்கு வா. அங்க காசு போட்டா வெளிய தள்ளிடுவோம்" என்றான். அவளும் வந்தாள். 'தையல்' என்று பெயர் வைத்துக்கொண்டாள், நிதானமாகத் தோண்டினாள், எல்லாரையும் கிண்டல் செய்தாள். இரண்டு வருஷம் ஒரு பைசா போடவில்லை. பழைய மெஷினுக்குப் பக்கத்தில் துணியின் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் ஒன்றும் வாங்கிப் போட்டாள். காலிப்பை கூட்டம் ஜெயிப்பதைவிட இது அவனுக்குப் பெரிய ஜெயம்.

அப்போதுதான் ஆட்டத்தை நடத்துகிற கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஆட்டத்துக்குள் காசு வாங்குவதைப் பற்றி ஆடுகிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு கருத்துக்குழு அமைக்கிறார்களாம். நாலு வருஷம் ஆடியும் காசு போடாத ஒருவரின் கருத்து மிகவும் முக்கியமாம்.

"போய் நல்லா நாக்கைப் பிடுங்கற மாதிரி கேளுங்க" என்றார் டீச்சர்.

"பாத்துடா, பேச விட்டா விடிய விடியப் பேசுவே" என்றாள் அக்கா.

ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றின் மோட்டார் ரூமில், சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, அவன் போனைக் கருவிப்பெட்டியின் மேல் சாய்த்து நிறுத்தினான். திரையில் வந்த கம்பெனி மேடத்துக்கு முப்பது வயது இருக்கும். இவன் பேசப் பேச எழுதிக்கொண்டார். நடுவில் குறுக்கிடவே இல்லை. சினிமா, ஏலம், பெட்டிக்குள் பெட்டி என்று கூட்டத்தின் வாதம் எல்லாவற்றையும் அவன் கொட்டினான். மேடம் அதையெல்லாம் முன்பே கேட்டவர் போல் சிரித்தார். பிறகு ஒன்று கேட்டார்.

"காசு கை வரைக்கும் வந்து போடாம விட்ட நேரம் ஏதாவது இருக்கா சார்? உங்களுக்கு இல்லேன்னாலும், கூட ஆடறவங்களுக்கு?"

அவன் கையில் இருந்த கவளம் டப்பாவுக்கே திரும்பிப் போனது. இந்த நாலு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. சரியான கேள்வி. ஒரு மெக்கானிக் கேட்கிற கேள்வி.

"எழுதித் தரட்டுமா மேடம்? எங்க வேலையில எல்லாமே எழுத்துலதான்."

"தாராளமா சார். எவ்வளவு விவரமா தர்றீங்களோ அவ்வளவு நல்லது."

அவன் வேலையில் ரிப்போர்ட் என்பது சடங்கு இல்லை. ரோப் எந்த இடத்தில் அறும், எதனால் அறும், அதுவரை எவ்வளவு தாங்கும், மூன்றையும் எழுத வேண்டும். மழுப்பக் கூடாது. ஒரு வரியை எழுதாமல் விட்ட கூட்டாளியால் இன்னொருவனுக்கு மூன்று விரல் போனதை அவன் கண்ணால் பார்த்தவன். அறும் இடத்தை எழுதினால் அடுத்து வருகிறவன் அதைச் சரிசெய்வான். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் நடந்தது. வேறு எதற்காவது ஒருவன் அதைப் படிப்பான் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

ஆகவே அச்சடித்த தாளை எடுத்து, லிப்ட் எண் கேட்ட இடத்தில் 'பாதாளம்' என்று போட்டு, குண்டு குண்டாக எழுதினான்.

அறும் இடம்: தனி ஆளிடம் இல்லை. தனியாக மாட்டியவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவார். கூட ஒருவர் மாட்டியிருந்தால் இருக்க மாட்டார்.

எதனால்: தட்டும் சத்தம். மூன்று தட்டு, ஒரு இடைவெளி. அதைக் கேட்டுக்கொண்டு யாராலும் சும்மா உட்கார முடியாது. 'நான் இங்கதான் இருக்கேன்' என்று சொன்ன பிறகுதான் கேட்டவருக்கே மூச்சு வரும்.

எவ்வளவு தாங்கும்: எங்கள் கூட்டத்தில் ஒருவர் இருக்கிறார். ஒரு முறை சூடுபட்டவர். தனக்கென்றால் இனிக் காசு போட மாட்டார். வேறு யாராவது கூப்பிட்டால் தைக்கிற துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார். அவருக்கு எடை வரம்பே கிடையாது.

கடைசியில் சிவப்பு மையால் எழுதி இரண்டு கோடும் போட்டான்: இந்த இடத்தில் கை வைக்காதீர்கள்.

படம் எடுத்து அனுப்பினான். அன்று மாலையே பதில் வந்தது. 'இவ்வளவு தெளிவான கருத்து எங்களுக்கு இதுவரை வந்ததில்லை. இதை மிகவும் தீவிரமாக எடுத்துக்கொள்கிறோம்.' கூடவே ஆட்டத்தில் அவன் தலைக்கு ஒரு தங்கத் தொப்பி. பத்து பேருக்கு மேல் யாரிடமும் இல்லாத தொப்பி.

"மகாராஜா, கால்ல விழணுமா, இல்ல கும்பிட்டா போதுமா?" என்று அக்கா கூட்டத்துக்கு நடுவில் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவனும்தான். எட்டு மாதம் அந்தத் தொப்பியைக் கழற்றவில்லை.

ஆட்டத்தின் புது வடிவம் வந்த அன்று அவன் ஒரு மருத்துவமனையில் கதவுச் சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தான். தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு, ஒரு இடைவெளி. திருப்புளியைப் போட்டுவிட்டு எழுந்து, பக்கத்து லிப்டின் கதவில் காதை வைத்தான். அது காலியாக மேலே போய்க்கொண்டிருந்தது. சத்தம் அவன் சட்டைப்பையிலிருந்து வந்தது.

இனிமேல் தண்ணீர் பிடித்தால் ஆள் மேலே வர மாட்டான். கீழே ஒரு கூண்டுக்குள் கிடப்பான். கூண்டு என்றால், அவன் தினம் துடைக்கிற லிப்ட் கூண்டைப் பார்த்து வரைந்தது போலவே இருந்தது, கதவு இடுக்குகூட இருந்தது. உள்ளே பேக்கரிக்காரரின் உருவம் தட்டிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் எல்லாருடைய போனிலும் அந்தச் சத்தம் கேட்கும். அணைக்க வழியில்லை. இருபத்தொன்பது பேரும் விடாமல் ஒரு நாள் முழுக்கத் தோண்டினால் ஆளை எடுக்கலாம். இல்லையென்றால் யாராவது ஒருவர் சிவப்புக்கல் வைத்து ஒரு பட்டனை அமுக்கினால் போதும், கதவு திறந்துவிடும். பட்டன் மேல் எழுதியிருந்ததை அவன் இரண்டு முறை படித்தான்.

நான் இங்கதான் இருக்கேன்.

ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"என்னாச்சுங்க?" என்றார் பக்கத்தில் நின்ற காவலாளி.

"ஒண்ணுமில்ல. தெரிஞ்சவங்க குரல் மாதிரி இருந்தது."

அவன் மறுபடி போனைப் பார்ப்பதற்குள் தட்டுவது நின்றிருந்தது. பேக்கரிக்காரர் வெளியே நின்றார். 'மீட்டவர்: தையல்' என்று கீழே எழுத்து ஓடியது.

அன்று மாலை அவன் அக்காவுக்குப் போன் போட்டான்.

"காசு போட்டியா?"

"சேர்த்து வச்ச கல்லுடா. ரெண்டு வருஷமா தோண்டினது வேற எதுக்கு? அந்த மனுஷன் பாவம், அடுப்புக்கிட்ட நின்னுட்டு என்ன செய்வார்?"

"பொம்மைக்கா அது."

"தெரியாதா எனக்கு? நான் என்ன பச்சைக் குழந்தையா?"

நம்பினான். நம்புவதுதான் அவனுக்கு வசதியாக இருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால்.

கூட்டம் மாறிப்போனது. கிண்டல் குறைந்தது. யார் யாரை எடுத்தார்கள், யார் கேட்டும் கேட்காதது போல் இருந்தார்கள் என்பதே பேச்சானது. டீச்சர் ஒரு நாள், "இதுக்குப் பேரு ஆட்டம் இல்ல. ஆள் பிடிக்கிறது. யாரோ நம்ம கூடவே உக்காந்து பாத்து செஞ்சிருக்கான்" என்று எழுதிவிட்டு வெளியேறினார். மெக்கானிக் அதற்குப் பதில் எழுத ஆரம்பித்து, அழித்தான். மறுபடி ஆரம்பித்து, மறுபடி அழித்தான். விதியை எடுத்துச் சொல்லவும் நாக்கு எழவில்லை, ஏனென்றால் காசு போட்டவர்கள் எல்லாரும் அடுத்தவருக்காகப் போட்டிருந்தார்கள். கூட்டத்தைக் கலைத்துவிடலாம் என்று பார்த்தான். 'கூண்டில் ஒருவர் இருக்கும்போது தலைவர் விலகவோ, கூட்டத்தைக் கலைக்கவோ, யாரையும் நீக்கவோ முடியாது' என்று வந்தது. கூண்டில் எப்போதும் ஒருவர் இருந்தார்.

கம்பெனிக்கு எழுதினான். நான் எழுதியது எச்சரிக்கை, சிவப்பு மையில் எழுதியிருந்தேனே என்று கேட்டான். 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் பயன்பட்டது' என்று பதில் வந்தது. பொய் இல்லை. அதுதான் அவனை அறைந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், அதே ஒன்பது மாடிக் கட்டடத்தின் மோட்டார் ரூமில், அவன் ஆட்டத்தைப் போனிலிருந்தே அழித்தான். தலைவன் இல்லாவிட்டால் கூட்டம் தானாகச் சிதறும், அக்கா தப்பித்துக்கொள்வாள். அவன் போட்ட கணக்கு அதுதான். போட்டவுடன் மனசு லேசானது. அடுத்த இரண்டு வாரம் போனில் பேசும்போதெல்லாம் அக்கா நன்றாகத்தான் பேசினாள். ஆட்டத்தைப் பற்றி அவள் எடுக்கவில்லை, அவனும் கிளறவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் போனை எடுக்கவில்லை. ஐந்து முறை அடித்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

மூன்றாவது மாடி. வராந்தாவில் கால் வைத்ததுமே கேட்டது. மூன்று தட்டு, ஒரு இடைவெளி. குளியலறையில் தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டு விழுந்துகிடக்கிறாள் என்றுதான் நினைத்தான். பையிலிருந்து கடப்பாரையை உருவிக்கொண்டு ஓடி, கதவில் வாயை வைத்து, வழக்கமான வார்த்தையைச் சொல்லப் போனான். வரவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

கதவைத் திறந்தது அக்காதான். கையில் போன். தட்டுவது அதிலிருந்து கேட்டது.

"வந்துட்டியா? இரு, இதோ முடிச்சுட்டு வரேன். எடுக்க விடாம நீ வேற கூப்பிட்டுட்டே இருந்தே."

உள்ளே போனான். தையல் மேசையின் இடது பக்கத்தில், நூல் தூசுக்கு நடுவில், சதுரமாக ஒரு இடம் மட்டும் சுத்தமாக இருந்தது.

"ஓவர்லாக் மெஷின் எங்க?"

"சர்வீஸுக்குப் போயிருக்கு." அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அவன் போனை எட்டிப் பார்த்தான். கூண்டுக்குள் தங்கத் தொப்பி போட்ட உருவம் ஒன்று முட்டியால் கதவை இடித்துக்கொண்டிருந்தது. மேலே 'ஓசி' என்று எழுதியிருந்தது. ஏழு நாள் வராதவர்களை அதன் பிறகு தினமும் தண்ணீர் பிடித்துக்கொள்ளும் என்ற விதியை அவன் படித்திருக்கவே இல்லை.

"நான் ஆடவே இல்லக்கா. எல்லாத்தையும் அழிச்சுட்டேன்."

"தெரியும். அதனாலதான் தினம் விழறே. நேத்து எடுத்துவிட்டேன், காலைல பாத்தா மறுபடி கிடக்கறே. ஒன்பது தடவை ஆச்சு." அவள் குரலில் கோபம் இல்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவளின் அலுப்புதான் இருந்தது.

அவன் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, போனைப் பிடித்த கையைப் பிடித்தான். இப்போது அந்த வார்த்தை வந்தது.

"அக்கா. என்னைப் பாரு. நான் இங்கதான் இருக்கேன்."

"நீ இங்க இருக்கேடா, எனக்குத் தெரியாதா? அங்கயும் இருக்கியே. அவரும் இப்படித்தான் தட்டியிருப்பார், நான் மெஷின் சத்தத்துல கேக்கல."

மாமா பின்அறையில் விழுந்து இறந்த நாளைப் பற்றி அவள் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு பட்டனை அமுக்கினாள். சத்தம் நின்றது. அவள் தோள் இறங்கியது, முகம் தெளிந்தது. லிப்ட் கதவு திறக்கும்போது வெளியே வருகிறவர்கள் முகத்தில் அவன் ஆயிரம் தடவை பார்த்த தெளிவு அது.

இனி நாளைக் காலை. அதற்கடுத்த நாளும். அந்த மேசையில் இன்னும் ஒரு மெஷின் பாக்கி இருந்தது.

ஒரே வழிதான் இருந்தது, அவனே தினம் ஆட்டத்துக்குள் வந்து நிற்பது. அவன் தன் போனை எடுத்து ஆட்டத்தை மறுபடி இறக்கினான். திறந்ததும் தங்கத் தொப்பி பளபளத்தது, கூட்டத்தின் பெயர் வந்தது. அதன் கீழே ஒரு சின்னக் கட்டம்.

'உங்களைப் பத்து முறை மீட்டவர்: தையல். அவருக்கு நன்றி சொல்ல ஒரு சிவப்புக்கல் அனுப்புங்கள்.'

"எல்லாரும் அனுப்பறாங்க" என்றாள் அக்கா. கொஞ்சம் கூச்சமாகச் சிரித்தாள். "அனுப்பினா என் பக்கத்துல ஒரு விளக்கு எரியும். நீ மட்டும்தான் இதுவரைக்கும் அனுப்பல."

அவனிடம் சிவப்புக்கல் ஒன்றுகூட இல்லை. கடைக்குப் போகிற கதவு கட்டத்தின் ஓரத்திலேயே இருந்தது. அக்கா தைப்பதற்கு எடுத்த துணியை மடியில் போட்டபடி, அவன் விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.